ஐம்பதாவது ஓவரின் ஐந்தாவது பந்து

நீங்கள் எழுதிய ஓர் எண் தவறானது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. அந்த எண்ணால் ஒரு மனிதர் தலை நிமிர்ந்து நடக்கிறார். இந்த நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். மனத்துக்குள் சொல்லி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் பள்ளியில் தமிழாசிரியன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். மட்டையும் பிடிக்காமல், பந்தும் வீசாமல், ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியிடமும் ஏச்சு வாங்குகிறவருக்கு ஸ்கோரர் என்று பெயர். வருகைப் பதிவேடு எழுதுகிறவர்களும், அளவுப் புத்தகம் எழுதுகிறவர்களும், பிறர் செய்த செயலுக்கு எண் போடுகிற எல்லோரும் என் வருத்தத்தை அறிவீர்கள். உங்களை நம்பித்தான் இவற்றைச் சொல்லத் துணிகிறேன்.

உப்புக் கோடு

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி, ஐம்பது ஓவர் ஒருநாள் போட்டித் தொடர் நடக்கும். மழை ஓய்ந்து, புதிய பருவத்துக்காக உப்பளத் தொழிலாளர்கள் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் காலம் அது. அதே கால்கள் ஆடுகளத்தையும் மிதித்துக் கொடுக்கும். பத்துப் பேர் வரிசையாகக் கைகோத்து மிதித்த அந்தக் களிமண் தரையில் பந்து எழும்புவதைப் பார்த்தால் உருளைபோட்ட நகரத்து மைதானமும் வெட்கப்படும்.

நான் ஸ்கோர் எழுதத் தொடங்கிய முதல் ஆண்டு, எல்லைக் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் கிடைக்கவில்லை. உப்பள அணியினர் தயங்காமல் நான்கு கூடை உப்பைக் கொண்டுவந்து மைதானத்தைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது மார்கழிப் பனி விடாத காலம். எட்டரை மணிக்குள் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து, ஒரு கோடு இரண்டு முழ அகல ஈரப்பட்டையாகிவிட்டது. வெயில் ஏறியதும் அந்தப் பட்டை முழுவதும் வெள்ளை பூத்தது. பந்து அதன் உள் விளிம்பைத் தொட்டால் நான்கா, வெளி விளிம்பைத் தாண்டினால் நான்கா என்று அரை மணி நேரம் வாக்குவாதம்.

கடைசியில் மீனவர் அணியின் தலைவர் படகுக் கயிற்றைக் கொண்டுவந்து சுற்றிப் போட்டார். அன்று முதல் எங்கள் எல்லை கயிறுதான். கயிற்றின் முனையை முடிச்சுப் போட்டபடி அவர் சொன்னார்: "கடல்ல கோட்டைத் தாண்டினா புடிச்சுகினு போறாங்க சார். இங்க தாண்டினா நாலு ரன் தர்றீங்க. இந்த வேலையே தேவலாம்."

நடுவரின் முழங்கால்

கிரிக்கெட் அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பந்து மட்டையில் படாமல் ஆட்டக்காரரின் காலில் பட்டு ஓடினால், கிடைக்கும் ரன் அணிக்குச் சேரும். ஆட்டக்காரரின் பெயரில் சேராது. அதற்கு லெக் பை என்று பெயர். நடுவர் ஒரு காலைச் சற்று உயர்த்தி முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். ஸ்கோரர் தம் கையை உயர்த்தி, பார்த்தேன் என்று தெரிவிக்க வேண்டும். கை உயரும் வரை நடுவர் அடுத்த பந்தை அனுமதிக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் பெரிய நீதி இருக்கிறது. ஒருவர் சொன்னால் மட்டும் போதாது. மற்றவர் ஏற்றுக்கொண்டேன் என்று காட்டவும் வேண்டும்.

எங்கள் நடுவர் வேலாயுதம் அண்ணன் முப்பது ஆண்டுகள் உப்பு வாரியவர். உப்பு நீரில் நின்று நின்று அவருடைய கால்கள் முழங்கால் வரை வெடித்திருக்கும். வெயில் ஏறினால் அரிப்பு எடுக்கும். ஆகவே ஓவருக்கு நாலைந்து முறை அவர் கை முழங்காலுக்குப் போகும். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் நான் கையை உயர்த்தி லெக் பை எழுதினேன். ஒருமுறை பந்தே வீசப்படாத நேரத்தில் ஒரு லெக் பை எழுதிவிட்டேன். உணவு இடைவேளையில் அவரிடம் போய், எதை அறிவிப்பென்றும் எதை அரிப்பென்றும் கொள்வது என்று பணிவுடன் கேட்டேன்.

அவர் சோற்றுக் கையை உதறிவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்: "ரெண்டு தடவ தொட்டா லெக் பை. மூணு தடவ தொட்டா அரிப்பு. எண்ணிப் பாத்து எழுது வாத்தியாரே."

செல்வத்தின் இருநூறு

ஒன்பது பொங்கலுக்கு முன் உப்பள அணியும் பெருமுக்கல் அணியும் மோதின. உப்பள அணியில் செல்வம் என்ற மூட்டை தூக்கும் தொழிலாளி முதலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஐம்பது ஓவரும் நின்றார். எங்கள் மைதானத்தில் அதுவரை ஒருவர் எடுத்த அதிக ரன் நூற்று முப்பத்தெட்டு. செல்வம் அதைத் தாண்டியபோதே ஜனம் கயிற்றுக்கு உள்ளே வரத் தொடங்கிவிட்டது.

கடைசி ஓவர். நான்கு பந்துகள் முடிந்தபோது அவர் நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தார். ஐந்தாவது பந்து. அவர் மட்டையைச் சுழற்றினார். பந்து பின்னால் பறந்து கயிற்றைத் தாண்டியது. நான் நான்கு என்று எழுதிக் கூட்டினேன்: இருநூற்று இரண்டு. பறை அடித்துக்கொண்டு மைதானம் நிறைய ஆட்கள். புழுதிக்கு நடுவே வேலாயுதம் அண்ணனின் கை முழங்காலில் இருப்பது ஒரு கணம் தெரிந்தது. இரண்டு முறை தொட்டாரா, மூன்று முறையா என்று நான் எண்ணவில்லை. என் கையையும் உயர்த்தவில்லை. கூட்டத்தை வெளியேற்றிய பிறகு ஆறாவது பந்து வீசப்பட்டது. செல்வம் அதை மெல்லத் தட்டிவிட்டு, மட்டையைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒரு ரன் நடந்தார். இருநூற்று மூன்று, ஆட்டமிழக்காமல்.

பெருமுக்கல் அணியின் ஸ்கோரராக என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பிலோமினா டீச்சர். விளையாட்டு ஆசிரியை, அந்த ஊர்க்காரர். அந்த அணி பிறகு ஆடித் தோற்றது. ஆட்டம் முடிந்ததும், இரண்டு புத்தகமும் ஒத்துப்போனால் இருவரும் இரண்டிலும் கையெழுத்திடுவது வழக்கம். அவர் தம் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "அஞ்சாவது பந்து கால்ல பட்டுது சார். அண்ணன் லெக் பை காட்டினாரு. நான் நூத்தித் தொண்ணூத்தொம்போதுன்னு வச்சிருக்கேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அண்ணன் சொறிந்துகொண்டார், டீச்சர்" என்றேன். சுற்றி நின்ற ஆண்கள் அனைவரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் ஆறுதல் சொல்வதுபோல் பேசினார்: "விடுங்க டீச்சர், தோத்த டீமுக்கு அப்படித்தான் தெரியும்."

சுவரில் ஒரு சொல்

அதன் பின் மைதானத்துச் சுவரைச் சாதனைச் சுவர் ஆக்கினோம். இடப்பக்கம் உலகின் ஒருநாள் போட்டிச் சாதனைகள். வலப்பக்கம் எங்கள் மைதானத்துச் சாதனைகள். இளைஞர்கள் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கத்தை நோக்கி உழைக்க வேண்டும் என்பது என் எண்ணம். வலப்பக்கத்தின் உச்சியில் செல்வம்: 203*. அந்த நட்சத்திரக் குறி, ஆட்டமிழக்கவில்லை என்பதன் அடையாளம்.

இடப்பக்கத்தில் ஆண்கள் ஆட்டத்தில் ஒருவர் வாழ்நாளில் சேர்த்த பதினெட்டாயிரத்து நானூற்று இருபத்தாறு ரன் அப்படியே நிற்கிறது. ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்த இருநூற்று அறுபத்து நான்கும் நிற்கிறது. பல அணிகள் பதினோரு பேரும் சேர்ந்து எடுக்கத் திணறும் எண் அது. ஆனால் அதிகச் சதங்கள் என்ற வரி எனக்கு ஓய்வு தரவில்லை. நாற்பத்தொன்பது அசையாது என்று எண்ணி நல்ல பெயிண்டில் எழுதினேன். அதை இன்னொருவர் தாண்டினார். ஐம்பது என்று மாற்றினேன். அவர் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போக, நான் ஏணியில் ஏறிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஏணியில் நின்ற என்னைப் பிலோமினா டீச்சர் கீழிருந்து அழைத்தார். "ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதம்: 200*" என்று நான் எழுதியிருந்த வரியைக் காட்டினார். அந்த இருநூறுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பெண்களின் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலிய அணியின் தலைவி ஆட்டமிழக்காமல் இருநூற்று இருபத்தொன்பது எடுத்துவிட்டார் என்றார். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். உண்மை. மறுநாளே பெண்களின் வரியை மேலே எழுதி, கீழ் வரியில் "ஆண்களில்" என்ற சொல்லைச் சேர்த்தேன். என் நேர்மையைக் கண்டு எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. அவர் சுவரை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். பார்வை வலப்பக்கத்து உச்சியில் சற்று நின்றது. "வெளியூர்க்காரங்க கணக்குன்னா உடனே திருத்திடறீங்க சார்" என்றார்.

கையெழுத்து இல்லாத பக்கம்

இந்த மார்கழியில் மைதானக் குழு ஒரு முடிவு செய்தது. சுவர் எழுத்து உப்புக் காற்றில் உரிகிறது; ஆகவே மைதானத்தின் மிகச் சிறந்த ஆட்டத்தைக் கருங்கல்லில் வெட்டி, பொங்கலன்று திறக்க வேண்டும். திண்டிவனத்தில் கல் வாங்கியாயிற்று. வெட்ட வேண்டிய வாசகத்தை மூல ஏட்டைப் பார்த்து உறுதி செய்து தருமாறு என்னிடம் கேட்டார்கள்.

பழைய ஸ்கோர் புத்தகத்தை எடுத்தேன். அந்த ஆண்டின் மற்ற எல்லா ஆட்டங்களின் கீழும் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் என் கையெழுத்துத் தனியாக இருந்தது. பக்கத்து இடம் வெறுமை. சிரிப்பொலி அடங்கிய பிறகு நான் அவரிடம் புத்தகத்தை நீட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உப்பளத்தில் பாத்தியை மிதிக்கும்போது ஒரு முழம் இடத்தை மிதிக்காமல் விட்டவரின் கதையை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். விட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. மேலே தண்ணீர் நிற்கும், உப்பும் விளையும். வாரும் நாளில்தான் அந்த ஒரு முழத்துச் சேறு பலகையோடு கிளம்பி வந்து, குவித்த உப்பு அம்பாரம் முழுவதையும் பழுப்பாக்கும். என் அம்பாரம் பழுப்பேறிக்கொண்டிருந்தது.

பெருமுக்கலுக்குப் போனேன். டீச்சர் தம் புத்தகத்தைக் கேட்காமலே எடுத்துவந்து வைத்தார். ஐம்பதாவது ஓவர், ஐந்தாவது பந்து: லெக் பை நான்கு. நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று ஆண்கள் சிரித்ததற்கும், சிரிப்பைத் தொடங்கி வைத்ததற்கும் சேர்த்துக் கேட்டேன். அவர் தம் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "ஏன் கையெழுத்துப் போடலன்னு ஒன்பது வருஷமா நீங்க கேக்கவே இல்ல சார்."

எண்ணிப் பார்த்தவர்

ஒரு சாட்சி போதாது என்று என் மனம் கடைசியாக ஒரு பொந்தைத் தேடியது. வேலாயுதம் அண்ணன் இப்போது உப்பளத்துக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பந்து நினைவிருக்கிறதா என்று கேட்டேன். வேறு எந்தப் பந்தும் நினைவில்லை என்றும், அந்தப் பந்து மட்டும் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு ஏன் அன்றே அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார்.

"ரெண்டு தடவதான் தொட்டேன் வாத்தியாரே. நீ கையைத் தூக்குவன்னு பாத்துகினே இருந்தேன். ஜனம் நடுவுல பூந்துடுச்சு. அப்புறம் கிட்ட போய் சொல்லலாம்னு பாத்தா, அவன் மண்ணுல முட்டி போட்டு அழுதுகினு இருந்தான். எனக்கு வாய் வரல."

203* என்ற வண்டி

செல்வம் இப்போது சொந்தமாகச் சிறிய லோடு வண்டி ஓட்டுகிறார். அதன் பின்புறம் கடவுள் பெயரும் இல்லை, பிள்ளைகள் பெயரும் இல்லை. மஞ்சள் எழுத்தில் 203* என்று மட்டும் இருந்தது. ஊரில் அவரைக் கூப்பிடுவதே "இருநூத்தி மூணு" என்றுதான். அவருடைய மகளைப் பள்ளியில் "இருநூத்தி மூணு பொண்ணு" என்பார்கள். நான் போனபோது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் சுருக்கவில்லை, என் சிரிப்பையும் விடவில்லை. அவர் தோளில் இருந்த மூட்டையை இறக்கவே இல்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கு, டீச்சருக்கு, அண்ணனுக்கு."

"மூணு பேரு கம்முனு இருந்தா இருநூத்தி மூணு. அப்படித்தானே?"

"அப்படித்தான். ஆனால் கல்லில் வெட்டும் எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்திட வேண்டும் செல்வம். என்னால் முடியாது."

மூட்டையை வண்டியில் போட்டார். நான் அவசரமாக ஆறுதல் சொன்னேன். ஆண்களின் ஒருநாள் போட்டியில் நூற்றுத் தொண்ணூற்று நான்குதான் பல ஆண்டுகள் உலகத்தின் உச்சமாக நின்றது. இருநூறுக்கு ஆறு குறைவு என்று எவரும் அதைத் தாழ்வாக எண்ணவில்லை. இந்த மைதானத்தில் இன்றைக்கும் நீங்களே முதல்வர் என்றேன். அவர் காதில் அது எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. விரல்களை மடக்கி எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"அது அஞ்சாவது பந்துன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"அப்ப இன்னொரு பந்து இருந்துது."

நான் தலையசைத்தேன். அவர் வண்டியின் பின்கதவை மூடி, தாழ்ப்பாளைப் போட்டு, அந்த மஞ்சள் எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தார். "கடைசிப் பந்துல ரெண்டு ரன் இருந்துது சார். ஃபீல்டர் தூரத்துல இருந்தான். இருநூறு தாண்டியாச்சுன்னு நான்தான் நடந்தேன். அப்பவே சொல்லியிருந்தா ஓடியிருப்பேன்."

கல்லுக்கு முன்

நான் கற்ற பாடம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. உண்மை அவருடைய இருநூறைப் பறிக்கவில்லை, தாமதம்தான் பறித்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பதைக் கேட்டு அவர் உடைந்துவிடுவார் என்று அஞ்சிய அண்ணனும், கையை உயர்த்தாத நானும், அவரிடம் ஒரு பந்தும் இரண்டு கால்களும் மீதமிருந்ததை மறந்துவிட்டோம். பிறர் தாங்கமாட்டார் என்று நாம் மறைக்கிற செய்தி, பெரும்பாலும் அவர் சரிசெய்துகொள்ளக் கூடிய செய்தியாகவே இருக்கிறது.

அன்று அங்கே நின்றபடியே திண்டிவனத்துக்குப் பேசினேன். கல்வெட்டுபவர் செல்வத்தின் பெயரை வெட்டி முடித்து, எண்ணைத் தொடவிருந்தார். செல்வமே கைபேசியை வாங்கிச் சொன்னார்: "அண்ணே, நூத்தித் தொண்ணூத்தொம்போதுன்னு போடுங்க. ஸ்டார் மட்டும் மறந்துடாதீங்க. நான் அவுட் ஆகல."

நேற்று என் பழைய புத்தகத்தில் பிலோமினா டீச்சர் கையெழுத்திட்டார். சுவரின் வலப்பக்கத்து உச்சியை நானே ஏணி வைத்துத் திருத்தினேன். திருத்திக்கொண்டிருக்கும்போது லோடு வண்டி சாலையில் போயிற்று. பின்புறத்து மஞ்சள் எழுத்தில் 199* என்று இருந்தது, அதன் கீழே புதிதாக ஒரு வரி, "ஒரு பந்து பாக்கி." இந்தப் பொங்கல் ஆட்டத்துக்கு, நாற்பத்தொரு வயதில், அவர் பெயர் கொடுத்திருக்கிறார். காலையில் உப்பளக் கரையில் ஓடுகிறார் என்று கேள்வி.

இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய ரன்களை எண்ணிய நான், நடுவரின் கை முழங்காலை எத்தனை முறை தொட்டது என்பதை மட்டும் எண்ணத் தவறிவிட்டேன். நீங்களும் ஏதோ ஓர் ஏட்டில், ஏதோ ஒரு பக்கத்தில், ஒரு கையெழுத்தைக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்தைத் தேடி எடுங்கள். உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். அவருக்கு இன்னும் ஒரு பந்து மீதமிருக்கலாம், இன்றே போங்கள்.